வெல்லம்பிட்டி வீட்டைப் பற்றி

பொரளை
25.01.2026

அன்பின் மகள்,

நேற்று ரெலிபோனை வைத்த பிறகு எனக்கு நித்திரை சரியாக வரவில்லை. ரெலிபோனில் நான் எதைச் சொன்னாலும் கடுமையாகச் சொல்வதுபோலத்தான் உங்களுக்கெல்லாம் படும். உன் அப்பாவும் நானும் அந்த விஷயத்தில் ஒரே அச்சு. ஆகவே எழுதுகிறேன். பிள்ளை நித்திரையான பிறகு ஆறுதலாக இருந்து வாசி. மருமகனுக்கும் வாசிக்கக் கொடு. அவருக்கு மறைக்க இதில் ஒன்றுமில்லை.

சொந்த வீடு வேண்டும் என்று நீ நினைப்பது சரி. வாடகை ஏற ஏறச் சாமான் கட்டி, முழங்கால் வருத்தத்தோடு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாக மாறியது இனிப் போதும். எங்கே வாங்குவது என்பது உங்கள் இரண்டு பேரின் முடிவு. நானும் பெரியம்மாவும் அதில் தலையிட மாட்டோம். ஆனால் சேவைக்காலம் முழுவதும் லெவல் கருவியோடு கொழும்பைச் சுற்றி நடந்தவன் நான். ஒரு காணியைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

டித்வா புயலுக்குப் பிறகு வெல்லம்பிட்டிப் பக்கம் விலை இறங்கியிருக்கிறது, இதுதான் சமயம், இந்த மாதத்துக்குள் அட்வான்ஸ் கொடுத்தால் இன்னும் குறைக்கலாம் என்று தரகர் சொன்னதாகச் சொன்னாய். மகள், அந்த விலை ஏன் இறங்கியது? போன நவம்பர் கடைசியில் அந்தப் பக்கத்து ஒழுங்கைகளில் வள்ளம் ஓடியது. வீட்டுக்குப் புதிதாகப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள், பளிச்சென்று இருக்கிறது என்று நீ சந்தோஷமாகச் சொன்னாய். எனக்கு அதைக் கேட்டதும் வயிறு கலங்கியது. தண்ணீர் நின்ற சுவருக்கு உள்ளீரம் காயுமுன் ஏன் அவ்வளவு அவசரமாகப் பெயின்ற் அடிக்கவேண்டும்? அடுத்த முறை போகும்போது படிக்கட்டின் கீழ்ப்பக்கத்தையும் அலுமாரி வைக்கும் மூலையையும் கையால் தடவிப் பார். கேட்டு அனுமதி வாங்கி, ஒரு பிளக்கின் மூடியைக் கழற்றி உள்ளே சேறு படிந்திருக்கிறதா என்று பார். பெயின்ற் அடிப்பவர் அங்கேயெல்லாம் அடிப்பதில்லை.

மருமகன் சொன்னது என் காதில் விழுந்தது. இப்போது கால்வாயெல்லாம் தூர் எடுத்து, பம்பிகள் பூட்டி, முன்னைப்போல் வெள்ளம் வராது என்றார். அவர் சொல்வதில் பாதி உண்மை. 2012இல் உலக வங்கி கொடுத்த 21 கோடி டொலருக்கு மேற்பட்ட கடனில் கொழும்பின் வடிகால்களில் நிறைய வேலை நடந்தது. கால்வாய்க் கரைகளைக் கட்டினார்கள், முகத்துவாரத்தில் கடலுக்குப் புதிய சுரங்கக் கால்வாய் வெட்டினார்கள். நல்ல வேலைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வேலையில் பெரும்பகுதி நகரத்துக்குள் பெய்கிற மழைக்கு. களனி கங்கைக்கு அல்ல.

கொழும்புக்கு இரண்டு வெள்ளம் உண்டு. ஒன்று எங்கள் தலைக்கு மேலேயே பெய்வது. 1992 ஜூனில் ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தது. ஒரு வருஷம் முழுவதும் இங்கே பெய்கிற மழையில் ஐந்தில் ஒரு பங்கு அது. 2010 நவம்பரில் 440 மில்லிமீற்றர். அந்த முறைதான் தியவன்னா ஓயா பெருகி, நாடாளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர் போனது. சதுப்பைத் தோண்டி ஏரியாக்கி நடுவில் 1982இல் திறந்த கட்டிடம் அது. நாட்டின் மிகத் திறமான கட்டிடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டியது. அதற்கே அந்தக் கதி.

மற்றது மலையில் பெய்வது. நோர்வூட்டிலும் கித்துல்கலையிலும் தெரணியகலையிலும் பெய்த மழை ஹங்வெல்லையைத் தாண்டி நாகலகம் வீதி அளவுகோலுக்கு வந்து சேரக் குறைந்தது ஒரு நாள் எடுக்கும். இங்கே வெயில் எறிக்கும், சனம் உடுப்புக் காயப்போடும், ஆறு ஏறிக்கொண்டிருக்கும். அந்த அளவுகோலில் 5 அடி தாண்டினால் சிறு வெள்ளம், 7 அடி தாண்டினால் பெருவெள்ளம் என்பது கணக்கு. 1947இல் 12 அடியைத் தாண்டியது. 2016 மே மாதம் 7 அடியைத் தாண்டியபோது வெல்லம்பிட்டியும் கொலன்னாவையும் என்ன பாடுபட்டன என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. போன நவம்பரிலும் ஆறு பெருவெள்ள எல்லையைத் தாண்டிவிட்டது.

இன்னொன்றையும் மருமகன் யோசிக்கவேண்டும். ஆறு உயர்ந்தால் அது நகரத்துக்குள் திரும்பி வராமல் இருக்க, களனியோடு சேரும் கால்வாய்களின் வான்கதவுகளை மூடுவார்கள். மூடினால் உள்ளே விழுந்த மழைக்கு அந்தப் பக்கம் வழியில்லை. முகத்துவாரத்தாலும் வெள்ளவத்தையாலும் தெஹிவளையாலும் கடலுக்குப் போகவேண்டும், மிச்சத்தைப் பம்பி இறைக்கவேண்டும். அதற்குள் கொலன்னாவைப் பள்ளம் நிரம்பிவிடும். ஆகவே தரகரிடம் முதலில் கேட்கவேண்டியது எத்தனை அறை, எத்தனை பேர்ச் என்பது அல்ல. களனி வெள்ளத்தைத் தடுக்க வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய அணைக்கட்டுக்கு இந்த வீடு எந்தப் பக்கம் என்று கேள். ஆற்றுப் பக்கம் என்றால் அங்கேயே கதையை நிறுத்து. உள்பக்கம் என்றால் மழைத்தண்ணீர் எந்தக் கால்வாய்க்குப் போகிறது, அந்தக் கால்வாய் எங்கே போகிறது என்று கேள். அவர் பதில் சொல்லத் தடுமாறினால் நடந்து போய் நீயே பார்.

இனி நான் சொல்லப்போவது உனக்குத் தெரிந்த கதை. கேட்டுக் கேட்டுச் சலித்தும் இருப்பாய். என்றாலும் சொல்லுகிறேன். அப்பா எழுதிய மனுக்களின் ஃபைல் இன்னும் என் அலுமாரியில்தான் இருக்கிறது.

கொலன்னாவை வீட்டை உன் அப்பா வாங்கும்போது பின்மதிலுக்கு அப்பால் சதுப்பு. கொக்கு நிற்கும், கங்குன் பாத்திகள் இருக்கும். பின்வாசலில் நின்றபடியே கீரை வாங்கலாம். 1992இல் தண்ணீர் வந்தது, உண்மை. நீ அப்பாவின் தோளில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தாய், உனக்கு அது விளையாட்டு. ஆனால் அடுத்த நாள் பின்னேரமே தண்ணீர் வடிந்து, விறாந்தையைக் கழுவினோம். அதற்குப் பிறகுதான் ஒரு மனிதர் வந்து பின்னால் இருந்த சதுப்பை வாங்கினார். இரவு இரவாகக் கிரவல் லொறிகள். எங்கள் மதிலின் மேல்விளிம்பு அவருடைய தரையாக வரும்வரை நிரப்பினார்கள். 2010இல் பெய்த மழை 1992ஐவிடக் குறைவு. ஆனால் தண்ணீர் அதிகம் ஏறியது, நாள் கணக்கில் நின்றது. போகிறதற்கு அதற்கு இடமில்லை.

உன் அப்பா எத்தனை மனு எழுதினார்! ஒரு கந்தோர் இன்னொரு கந்தோரைக் காட்டியது, அந்தக் கந்தோர் கோப்பு வரவில்லை என்றது. லெவல் எடுத்து, வரைபடம் கீறி, எந்தப் பக்கத்தால் தண்ணீர் போனது, இப்போது ஏன் போகவில்லை என்று நானே அவருக்கு எழுதிக் கொடுத்தேன். ஒருவரும் வந்து பார்க்கவில்லை. நிரப்பியவர் அந்தக் காணியைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போய்விட்டார். 2016இல் மேல்தட்டில் இருந்த புத்தகங்களும் உங்கள் பள்ளிக்கூடச் சான்றிதழ்களும் அம்மாவின் கலியாண அல்பமும் போனபோது அப்பா ஒன்றுமே பேசவில்லை. அந்த மௌனத்தை நான் மறக்கமாட்டேன். அதற்குப் பிறகு அவர் அதிக காலம் இருக்கவுமில்லை. வைத்தியர் இருதயம் என்றார். எனக்குத் தெரியும் அது என்னவென்று.

ஏன் அந்தப் பள்ளத்துக்குப் போனார்? அதையும் நினைத்துப் பார். 83 ஜூலையில் கனத்தையில் தொடங்கிய கலவரம் எங்கள் ஒழுங்கைக்கு வர எவ்வளவு நேரம் எடுத்தது? எரிந்த எங்கள் வளவை என்ன விலைக்கு விற்றோம் என்று உனக்குத் தெரியும். வாங்கியவருக்கும் அது தெரியும். அப்பாவுக்குக் கிடைத்த பங்குக்கு மேட்டில் காணி வரவில்லை. எனக்கு பெரியம்மா வழியில் இந்த வீடு இருந்தது, அவருக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை. எங்கள் சனம் அதற்குப் பிறகு வீடு பார்க்கும்போது பக்கத்து வீட்டில் யார், கோயில் எவ்வளவு தூரம், அந்தரம் ஆபத்தென்றால் யார் கதவைத் திறப்பார் என்றுதான் விசாரித்தது. அதில் பிழை சொல்ல எவராலும் முடியாது. ஆனால் நிலம் எவ்வளவு உயரம் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. நெருப்புக்கு ஓடியவர்கள் தண்ணீருக்குள் குடியேறினார்கள். உன் அப்பா அப்படித்தான் போனார். அவருடைய மகளும் அதே பள்ளத்துக்குச் சொந்தக் காசு கொடுத்துப் போகிறாள் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சதுப்பு வெறும் நிலம், சும்மா கிடக்கிறது, நிரப்பினால் காசு என்று நினைக்கிற எண்ணம்தான் இந்த நகரத்தைக் கெடுத்தது. கோட்டை இராசதானிக்கு அந்தச் சதுப்புத்தான் அகழி, எதிரி தாண்ட முடியாத காவல். கொழும்புக்கும் அதுதான் காவல். இன்னும் ஏறக்குறைய 20 சதுர கிலோமீற்றர் ஈரநிலம் மிஞ்சியிருக்கிறது. அதற்காகத்தான் 2018இல் கொழும்பை ராம்சர் ஈரநில நகரம் என்று அறிவித்தார்கள். அந்தப் பட்டம் வந்ததற்கு முந்தின வருஷம், சித்திரைப் புத்தாண்டு அன்று, மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் செத்தார்கள். அதுவும் தாழ்நிலத்தில் கொட்டி உயர்த்திய மேடுதான், அதே கொலன்னாவைதான். சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய பிறகு 2015 டிசம்பரில் வேளச்சேரியில் என்ன நடந்தது என்று சித்தியிடம் கேட்டுப் பார். மொட்டைமாடியில் சாப்பாட்டுப் பொட்டலத்துக்குக் காத்திருந்தவ அவ.

உறுதியைப் பற்றி. நொத்தாரிசு முப்பது வருஷத்துக்குப் பின்னோக்கி உறுதி வழியைப் பார்த்து, அடைமானம் இல்லை, வழக்கு இல்லை என்று எழுதித் தருவார். அது சட்டத்துக்குப் போதும், உனக்குப் போதாது. உறுதியின் அட்டவணையில் காணியின் பழைய பெயர் இருக்கும். அதில் கும்புர என்றோ ஓவிட்ட என்றோ இருந்தால் அது வயலாகவோ வயலோரத் தாழ்நிலமாகவோ இருந்த காணி. பழைய பிளானைக் காணிப் பதிவகத்தில் தேடி எடுக்கலாம், நான் வந்து எடுத்துத் தருகிறேன். நிரப்பிய காணி என்றால் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் அனுமதி இருக்கிறதா என்று எழுத்தில் கேள். வாய்ப்பேச்சில் எல்லாம் இருக்கும். ஒழுங்கையில் மலக்குழிதான் என்று சொன்னாய். நிலத்தடி நீர் மேலே இருக்கிற இடத்தில் வெள்ளம் வந்தால் முதலில் வீட்டுக்குள் வருவது அந்தக் குழியில் இருப்பதுதான். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் அதை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

வீதியையும் பார். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் வீதி கொஞ்சம் உயரும், வீடு நின்ற இடத்தில் நிற்கும். வாசல்படி வீதியைவிடத் தாழ்ந்து போயிருந்தால் சின்ன மழைக்கே தண்ணீர் உள்ளே வரும். எதிர்வீட்டுக் கிழவியிடம், மூலைக்கடைக்காரரிடம், 92இல் எவ்வளவு, 2016இல் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று தனித்தனியாகக் கேள். விற்கிறவர் பக்கத்தில் நிற்கும்போது கேட்காதே.

மற்றது, நீ அரை மனதோடு சொன்ன வெள்ளவத்தைத் தொடர்மாடி. அது பழசு, அறைகள் சின்னன், விலை கூட. என்றாலும் அதை நான் தள்ளமாட்டேன். மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறாது. அம்மாவுக்குக் கோயில் பக்கம், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பக்கம், மருமகனுக்கு பஸ் பக்கம். ஆனால் கால்வாயின் வாய்க்கு எவ்வளவு தூரம் என்று பார். அங்கே கடல் மணல் வந்து திட்டுக் கட்டி வாயை அடைக்கும், வெட்டிவிட்டால்தான் தண்ணீர் போகும். தண்ணீர்ப் பம்பியும் ஜெனரேற்றரும் நிலக்கீழ் அறையில் இருந்தால் மாடியில் இருந்தும் பிரயோசனமில்லை, லிப்ட் நின்றுவிட்டால் அம்மாவை எப்படி இறக்குவாய்? கடற்காற்றில் கம்பி துருப்பிடித்துக் கூரைச் சாந்து உதிர்கிறதா பார். கட்டிடத்துக்கு இணக்கச் சான்றிதழ் இருக்கிறதா, ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உறுதி இருக்கிறதா, குடியிருப்பவர்களின் முகாமைத்துவக் குழு ஒழுங்காகக் கூடுகிறதா என்று விசாரி. இதில் ஒன்று குறைந்தாலும் வங்கி கடன் தரத் தயங்கலாம். தந்தாலும் நீ பின்னால் விற்கும்போது கஷ்டப்படுவாய்.

இன்னொன்று இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் மூன்றாவது வீட்டின் மேல்மாடி வாடகைக்கு இருந்தவர்கள் போய்விட்டார்கள், வீட்டுக்காரரின் மகன் கனடாவிலிருந்து விற்கச் சொல்கிறாராம். பொரளை முழுவதும் மேடு என்று நான் சொல்லவில்லை. பேஸ்லைன் வீதியைத் தாண்டி வனாத்தமுல்லைப் பக்கம் இறங்க இறங்கப் பள்ளம்தான், தெமட்டகொடைப் பக்கமும் அப்படித்தான். ஆனால் எங்கள் ஒழுங்கை செம்பூரான்கல் மேட்டில் இருக்கிறது. 92இலும் 2010இலும் 2016இலும் இப்போதும் வாசலில் கால் நனைந்ததேயில்லை. நகரத்தின் நிலக்கீழ்க் கழிவுக்குழாய் இருக்கிறது, குழிப் பிரச்சினை இல்லை. சிறுவர் ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். நாங்கள் பக்கத்தில் இருக்கிறோம், பிள்ளையைப் பெரியம்மா பார்ப்பா, நீ வேலைக்குப் போகலாம். பொரளை என்றால் அம்மாவுக்குப் பயம் என்று எனக்குத் தெரியும். அவ அந்த ஜூலையை மறக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பயத்தை வைத்து அவவின் பேத்தியைப் பள்ளத்தில் குடிவைக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிப் பார். நான் சொன்னால் அவ கேட்கமாட்டா, நீ சொன்னால் கேட்பா.

இவ்வளவு எழுதியதற்குப் பிறகும் சொல்லுகிறேன், எல்லாவற்றையும் விசாரித்துப் பார்த்து, இல்லை பெரியப்பா, வெல்லம்பிட்டிதான் என்று நீயும் மருமகனும் தீர்மானித்தால் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். அஸ்திவாரம் பார்க்க நானே வருவேன். மெயின் சுவிட்சையும் பிளக்குகளையும் நெஞ்சளவு உயரத்துக்கு ஏற்றுவதற்கு எங்கள் ஒழுங்கை எலெக்ட்ரீசியனைக் கூட்டிக்கொண்டு வருவேன், குசினியை மேல்மாடிக்கு மாற்ற வழி சொல்வேன். பால் காய்ச்சும் நாளன்று பெரியம்மா முதல் ஆளாக நிற்பா.

உனக்கென்று நாங்கள் நிலையான வைப்பில் போட்டிருக்கிற காசு எந்த வீட்டுக்கும் உன்னுடையதுதான். அது கடன் அல்ல, திருப்பித் தருவதைப் பற்றிக் கதைத்தால்தான் எனக்குக் கோபம் வரும். உன் கலியாணத்துக்குச் செய்யவேண்டியது அந்த நேரத்தில் முடியாமல் போனது, இப்போது செய்கிறோம். உன் அப்பா இருந்திருந்தால் உன் கெட்டித்தனத்தைப் பார்த்து ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பார். இரண்டு பேரும் ஒவ்வொரு சதமாகச் சேர்த்து இந்த வயதில் வீடு வாங்க நிற்கிறீர்கள், எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று நேற்று ரெலிபோனில் சொல்ல வாய் வரவில்லை. மருமகனைப் போல பொறுமையான பிள்ளையை நான் கண்டதில்லை. அவரிடம் என் அன்பைச் சொல்லு.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வாருங்கள். பெரியம்மா ஒடியல் கூழ் காய்ச்சுகிறாவாம், அம்மாவுக்குப் பிடித்தமாதிரி நண்டும் போட்டு. பிளானின் பிரதி, உறுதியின் பிரதி, தரகரின் நம்பர் மூன்றையும் மறக்காமல் கொண்டுவா. குட்டிக்கு ஒரு சின்னச் சைக்கிள் பார்த்து வைத்திருக்கிறேன், அவளிடம் இப்போதே சொல்லாதே.

எப்போதும் உன் நன்மையையே நினைக்கும்
பெரியப்பா